டிஜிட்டல் லாக்கர் திறக்கவில்லையா? பேட்டரியும் பூட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் செய்த குடும்பம் எங்களுடையது. தாத்தா அரம் போட்டுக் கையால் செய்த மாங்காய்ப் பூட்டுகள் இன்னும் சில வீட்டுக் கதவுகளில் தொங்குகின்றன. எனக்கு வாய்த்தது பேட்டரி போட்ட பூட்டு. பீரோவுக்குள்ளும் சுவரிலும் பதிக்கிற டிஜிட்டல் லாக்கர்களைப் பொருத்துவது, பழுது பார்ப்பது என் வேலை. போனில் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றில் பலவற்றுக்கு நான் நேரில் வர வேண்டிய அவசியமே இல்லை. நாலு நல்ல பேட்டரியும் கொஞ்சம் பொறுமையும் போதும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

இதெல்லாம் நான்கு டபுள் ஏ பேட்டரியிலோ ஒரு 9 வோல்ட் பேட்டரியிலோ ஓடுகிற வீட்டு லாக்கருக்கு. பாங்கிலும் நகைக்கடையிலும் இருக்கிற பெரிய பெட்டகத்தின் கணக்கு வேறு.

"பேட்டரி தீர்ந்துட்டா நான் போட்ட நம்பரும் அழிஞ்சுடுமா?"

அழியாது. நம்பர் இருப்பது உள்ளே உள்ள மெமரி சில்லில். கரண்ட் இல்லாவிட்டாலும் அது மறக்காது. சார்ஜ் இல்லாமல் அணைந்துபோன போனில் போட்டோக்கள் அப்படியே இருக்கின்றன அல்லவா, அது மாதிரி. ஆறு மாதம் பேட்டரி இல்லாமல் கிடந்தாலும் புதிது போட்டதும் பழைய நம்பரே வேலை செய்யும்.

"பேட்டரி மாத்தினேன், நம்பர் போயிடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். பேட்டரி மாற்றும்போது விரல் அதில் பட்டிருக்கும். அதை அழுத்தியதும் பூட்டு புது நம்பருக்குக் காத்திருக்கும். அந்த நேரத்தில் எதை அழுத்தினீர்களோ அதுவே நம்பராகிவிடும். அந்தப் பட்டனைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

"பேட்டரி எங்க இருக்குன்னே தெரியலையே. கதவுக்கு உள்ளயா, வெளியயா?"

பெரும்பாலான வீட்டு லாக்கரில் கதவின் உள்பக்கம், ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். சில மாடல்களில் கீபேடே வெளியே ஒரு டப்பா மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அதை மேலே தள்ளினாலோ, அடியில் உள்ள மூடியை இழுத்தாலோ 9 வோல்ட் பேட்டரி வரும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பேட்டரித் தலையில் மாட்டியிருக்கிற கருப்பு மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள். உங்களுடையது எந்த ரகம் என்பதை லாக்கர் நல்லபடியாகத் திறக்கிற இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்த பேட்டரி வாங்கணும்? கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான்ங்கிறார்."

ஒன்றில்லை. அளவுதான் ஒன்று, உள்ளே இருக்கிற சரக்கு வேறு. பேட்டரியின் உடம்பில் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும். எல்.ஆர்.6 என்று இருந்தால் அல்கலைன். வெறும் ஆர்.6 என்று இருந்தால் சிங்க் கார்பன். 'ஹெவி டியூட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் பெரும்பாலும் சிங்க் கார்பன்தான், அந்தப் பெயரை நம்பி வாங்காதீர்கள். 9 வோல்ட்டில் 6எல்.ஆர்.61 என்றால் அல்கலைன், 6எஃப்.22 என்றால் சிங்க் கார்பன். லாக்கருக்கு அல்கலைன்தான் போட வேண்டும்.

காரணம் இதுதான். லாக்கர் பூட்டு நாள் முழுக்கத் தூங்குகிறது. சரியான நம்பர் போட்டதும் ஒரு காந்தச் சுருளையோ குட்டி மோட்டாரையோ இழுக்க வேண்டும். அந்த ஓரிரு நொடிக்கு மட்டும் நிறைய கரண்ட் கேட்கும். சிங்க் கார்பனால் அவ்வளவு கரண்ட் தர முடியாது, கேட்ட நொடியில் வோல்டேஜ் படுத்துவிடும். சுவர்க் கடிகாரம் அப்படியில்லை, அதற்குத் துளி கரண்ட் போதும். அதனால் லாக்கரில் ஓய்ந்துபோன அல்கலைனைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டால் இன்னும் பல மாதம் ஓடும். கடிகாரத்தில் ஓடிய பேட்டரியை லாக்கருக்கு மாற்றுவது மட்டும் கூடவே கூடாது.

நான்கையும் ஒரே நாளில், ஒரே பாக்கெட்டிலிருந்து போடுங்கள். புதிதும் பழையதும் கலந்தால் பலமுள்ள மூன்றும் சேர்ந்து பலவீனமான ஒன்றை அடிமட்டம்வரை காலி செய்துவிடும். அதுதான் முதலில் ஒழுகும்.

"கேமராவுக்கு வாங்கின ரீசார்ஜ் பேட்டரி நாலு சும்மா இருக்கு. போடலாமா?"

வேண்டாம். அல்கலைன் ஒன்று 1.5 வோல்ட், நான்கு சேர்ந்தால் 6 வோல்ட். ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான், நான்கும் சேர்ந்து 4.8. முழு சார்ஜில் இருந்தாலும் பூட்டு அதைப் பாதி தீர்ந்த பேட்டரியாகத்தான் எடுத்துக்கொள்ளும். போட்ட அன்றைக்கே 'பேட்டரி லோ' லைட் எரியலாம்.

எஃப்.ஆர்.6 என்ற குறியோடு வருகிற லித்தியம் டபுள் ஏ பற்றியும் கேட்கிறார்கள். நல்ல பேட்டரிதான், குளிருக்கும் தாங்கும். சிக்கல் என்னவென்றால் அது கடைசிவரை நிமிர்ந்து நின்று திடீரென்று விழும். அல்கலைன் படிப்படியாக இறங்குவதால் பூட்டு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும். லித்தியத்தில் அந்த அவகாசம் கிடைக்காது. லாக்கரோடு வந்த புத்தகத்தில் லித்தியம் போடலாம் என்று இருந்தால் மட்டும் போடுங்கள்.

"பீப் சத்தம் வருது, பச்சை லைட்டும் எரியுது. ஆனா கதவு திறக்க மாட்டேங்குது!"

எனக்கு அதிகம் வருகிற போன் இதுதான். முதலில் காதைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்து நம்பரைப் போடுங்கள். பச்சை லைட் எரியும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், மோட்டார் வைத்த மாடலில் 'ஸ்ர்ர்' என்று. அந்தச் சத்தம் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை. பீப்புக்கும் லைட்டுக்கும் கொஞ்சம் கரண்ட் போதும், ஓய்ந்த பேட்டரியும் அதைக் கொடுத்துவிடும். தாழை விடுவிக்கத்தான் அதனால் முடியாது. "லைட் எரியுதே சார், பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பதை நான் ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

'டக்' சத்தம் கேட்டும் குமிழ் திரும்பவில்லையென்றால் தாழ்க் கம்பிகள் எங்கோ இறுகி நிற்கின்றன. உள்ளே சாமான் நிறைந்து கதவை வெளிப்பக்கம் தள்ளினால் இப்படி ஆகும். மேலே சொன்ன காந்தச் சுருளின் (சோலனாய்டு என்பார்கள்) மெல்லிய கம்பி தாழ்க் கம்பியின் அழுத்தத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் போக முடியாமல் தவிக்கும். குமிழைத் திறக்கிற பக்கம் பலமாக முறுக்கினால் இறுக்கம் இன்னும் கூடும். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். குமிழைப் பூட்டுகிற பக்கம் மெதுவாகத் திருப்பிப் பிடியுங்கள். முட்டியாலோ உள்ளங்கையாலோ கதவை உள்ளே தள்ளி அழுத்துங்கள். அப்படியே நம்பரைப் போடுங்கள். 'டக்' கேட்டதும் தாமதிக்காமல் திறக்கிற பக்கம் திருப்புங்கள். பல மாடல்களில் நமக்குக் கிடைப்பது சுமார் 5 நொடிதான். இரண்டு பேர் இருந்தால் சுலபம், ஒருவர் கதவை அழுத்த இன்னொருவர் நம்பர் போடலாம்.

ஒரு வீட்டில் இதே கதைதான். கணவர் கட்டிங் பிளேயரால் குமிழைப் பிடித்து முறுக்கியிருந்தார், குரோம் பூச்செல்லாம் பல் பல்லாகப் பெயர்ந்திருந்தது. நான் கதவை முட்டியால் தள்ளிக்கொண்டு நம்பர் போடச் சொன்னேன், இரண்டாவது தடவையில் திறந்துவிட்டது. உள்ளே பார்த்தால் நிலப் பத்திரம் வைத்த தடித்த ஃபைல், அதன் முதுகு கதவில் முட்டிக்கொண்டு நின்றது. கதவின் உள்பக்க வெல்வெட்டில் ஃபைலின் இரும்பு மூலை பதிந்த தடம் தெளிவாக இருந்தது. ஃபைலைப் படுக்க வைத்ததோடு வேலை முடிந்தது.

"ஒரு லைட்டும் வரல, சத்தமும் இல்ல. செத்த மாதிரி கிடக்குது."

பேட்டரி கதவுக்கு உள்ளே இருக்கிற மாடலில் இப்படி ஆனால் பதற வேண்டாம். வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க வழி வைத்திருப்பார்கள். கீபேடின் அடியிலோ ஓரத்திலோ இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் புது 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு தலைகளையும் கூட்டல், கழித்தல் குறி பார்த்து அந்தப் புள்ளிகளில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நம்பர் போட்டுக் குமிழைத் திருப்பி முடிக்கிறவரை கையை எடுக்கக் கூடாது. பலர் நம்பர் போட்டதும் கையை எடுத்துவிட்டு "திறக்கலையே" என்கிறார்கள்.

இன்னொரு வகையில் ரப்பர் மூடிக்குப் பின்னால் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். வாங்கும்போது பாலிதீன் பையில் ஒரு குட்டி பேட்டரி டப்பா, வயர் நுனியில் ஒரு பின்னோடு வந்திருக்குமே, அது இதற்குத்தான். அதில் நாலு அல்கலைன் போட்டுச் சொருகினால் பூட்டு விழித்துக்கொள்ளும். டப்பா தொலைந்துவிட்டது என்று வீட்டில் கிடக்கிற 12 வோல்ட் அடாப்டரைச் சொருகாதீர்கள், போர்டு கருகிவிடும். புது மாடல்கள் சிலவற்றில் யு.எஸ்.பி. ஓட்டையே இருக்கிறது, போனுக்கு வைத்திருக்கிற பவர் பேங்க் போதும். இது எதுவும் இல்லையென்றால் அவசர சாவி.

"அந்தச் சாவி போடுற ஓட்டையே காணோமே?"

மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். கீபேடுக்குப் பக்கத்திலோ நடுவிலோ உள்ள வட்ட பிளாஸ்டிக் மூடி, கம்பெனி பெயர்ப்பட்டை, சின்ன ஸ்டிக்கர் என ஏதாவது ஒன்றின் பின்னால் இருக்கும். நகத்தாலோ பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பாலோ மெதுவாக நெம்புங்கள். சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே குமிழையும் திருப்ப வேண்டும். சாவி மட்டும் திரும்பினால் கதவு திறக்காது.

"சாவி லாக்கருக்குள்ளதான் பத்திரமா இருக்கு, பரவாயில்லையா?"

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஓர் ஆவணி முகூர்த்த நாள், விடியற்காலை நாலரை மணி. "தம்பி, பொண்ணோட நகை பூரா உள்ள இருக்கு, லாக்கர் செத்துப் போச்சு, ஆறு மணிக்குத் தாலி கட்டு" என்று ஒரு அம்மா போனில் அழுகிறார். சாவி எங்கே என்றேன். "அதுவும் உள்ளதான்" என்றார். நல்லவேளை, அந்த பேட்டரி டப்பாவைச் சமையலறை அலமாரியில் எடுத்து வைத்திருந்தார்கள். எந்தக் கடை திறந்திருக்கும் அந்த நேரத்தில்? ரிமோட்டைக் கழற்றினார்கள், அதில் இருந்தது ஒல்லியான டிரிபிள் ஏ. ஹால் கடிகாரம், ரூம் கடிகாரம் என்று தேடி நாலு சேர்த்துப் போட்டார்கள். பீப் வந்தது, 'டக்' வரவில்லை. "வீட்டுல பிரஷர் பாக்குற மெஷின் இருக்காம்மா?" என்றேன். தாத்தாவின் மெஷினில் போன வாரம் போட்ட நாலு அல்கலைன் இருந்தது. அதைக் கழற்றி டப்பாவில் போட்டுச் சொருகினார்கள். போனில் எனக்கே அந்த 'டக்' கேட்டது. இப்போதெல்லாம் ராத்திரி போன் வந்தால் நான் முதலில் கேட்பதே பிரஷர் மெஷினைத்தான்.

சாவி இரண்டு கொடுத்திருப்பார்கள். ஒன்று வீட்டிலேயே, லாக்கர் இல்லாத வேறு அறையில். இன்னொன்று வீட்டுக்கு வெளியே, உடன்பிறந்தவர் வீட்டிலோ பாங்க் லாக்கரிலோ. பீரோ மேலேயும் சாமி படத்துக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். திருடன் முதலில் கை வைத்துத் தேடுகிற இடங்கள் அவை. அந்தச் சாவி இருந்தால் நம்பரே தேவையில்லை என்பதை நினைவில் வைத்து இடம் தேடுங்கள்.

"சாவி இறுக்கமா இருக்கு. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடலாமா?"

விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். கொடைக்கானல் வீடுகளில் இன்னும் மோசம், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது, பூட்டுக்குள் மெழுகு ஊற்றினது போல ஆகிவிடும். பென்சில் முனையைச் சீவி, அந்தக் கருப்புப் பொடியைச் சாவியின் பற்களில் தேய்த்துப் போட்டு எடுங்கள். கிராஃபைட் பொடி வழவழப்பு தரும், ஒட்டாது. தாத்தா காலத்திலேயே எங்கள் பட்டறையில் இந்த வழக்கம் உண்டு.

"நம்பரைத் தப்புத் தப்பா போட்டுட்டேன். இப்ப சரியான நம்பரையும் ஏத்துக்க மாட்டேங்குது."

பூட்டு தன்னைத்தானே கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று அல்லது நான்கு தவறுக்குப் பிறகு அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள்வரை எதையும் ஏற்காது, மாடலுக்கு மாடல் மாறும். இடையில் மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தால் சில மாடல்களில் அந்த நேரம் மீண்டும் முதலிலிருந்து ஓடும். பதினைந்து இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பீப் கேட்கிறதா என்று பார்த்து நிதானமாகப் போடுங்கள்.

"மாசத்துக்கு ஒரு தடவை பேட்டரி தீருது. நல்ல அல்கலைன்தான் போடுறேன்."

நல்ல அல்கலைன் சாதாரண உபயோகத்தில் ஒரு வருடத்துக்குக் குறையாமல் வர வேண்டும். மாதத்தில் தீர்கிறதென்றால் எங்கோ கசிகிறது. உள்ளே லைட் உள்ள லாக்கரா? அப்படியானால் கதவு மூடினதும் லைட் அணைகிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணால் பார்க்க முடியாதே என்று நினைக்க வேண்டாம், போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை வெறுமனே சாத்துங்கள், தாழ் போட வேண்டாம். கதவு தொட்டு அணைக்கிற குட்டி ஸ்விட்ச் வளைந்திருந்தால் லைட் விடிய விடிய எரிந்துகொண்டிருக்கும்.

லைட் இல்லையென்றால் கீபேடில் ஏதாவது ஒரு பட்டன் அமுங்கியபடியே நிற்கிறதா பாருங்கள். அப்படி நின்றால் பூட்டு தூங்கவே முடியாது. மோட்டார் வைத்த மாடலில் தாழ்க் கம்பி உரசிக்கொண்டு போனாலும் ஒவ்வொரு தடவையும் கூடுதல் கரண்ட் போகும். மூன்றும் சரியாக இருந்தால் போர்டில் ஈரம் ஏறியிருக்கலாம். கடலோர ஊர்களில் இதை அதிகம் பார்க்கலாம். போர்டை மாற்றுவதுதான் வழி. உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது இதைத் தள்ளிப்போடும்.

"பேட்டரி பெட்டியில வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருக்கு."

அல்கலைன் ஒழுகியிருக்கிறது. அந்த வெள்ளைப் பொடி பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலிருந்து வருவது, காரம், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை மாட்டிக்கொண்டு பேட்டரிகளை எடுங்கள். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்து ஸ்பிரிங்கையும் தகட்டையும் துடையுங்கள். லேசாக நுரைக்கும். பிறகு ஈரத்துணி, அதற்குப் பிறகு சானிட்டைசர் மாதிரி இல்லாமல் சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹால். நன்றாகக் காய்ந்த பிறகே புது பேட்டரி. ஸ்பிரிங் துருவேறி இற்றுப்போயிருந்தால் துடைத்துப் பயனில்லை, பெட்டியை மாற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

ஒழுகுவதைத் தவிர்க்க ஒரே வழி, தீரும்வரை காத்திராமல் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது. என் வாடிக்கையாளர்களுக்கு ஆயுத பூஜை நாளைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எப்படியும் பீரோவைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். பொட்டைக் கதவின் ஓரத்தில் வையுங்கள். கீபேடின் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் பட்டன் இடுக்கில் இறங்கிக் காய்ந்துபோய், நான் ஊசியால் சுரண்டி எடுத்த லாக்கர்கள் பல.

"அந்தச் சிவப்பு பட்டன் எதுக்கு? நம்பர் மாத்துறது எப்படி?"

கதவைத் திறந்து வையுங்கள். சிவப்பு பட்டனை அழுத்தி விட்டால் பீப் வரும், மஞ்சள் லைட்டும் எரியலாம். சில நொடிக்குள் புது நம்பரைப் போட்டு, உங்கள் மாடலில் எது உறுதிப் பட்டனோ அதை அழுத்துங்கள். சில மாடல்களில் இரண்டு நம்பர் உண்டு, தினமும் போடுவது ஒன்று, மாஸ்டர் நம்பர் இன்னொன்று. இரண்டையும் மாற்றுங்கள். கம்பெனியிலிருந்து வருகிற 1234, 159 மாதிரியான நம்பர் ஊருக்கே தெரியும்.

மாற்றிய உடனே கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே குமிழைத் திருப்பித் தாழை வெளியே தள்ளி, புது நம்பரைப் போட்டுத் திறந்து பாருங்கள். மூன்று முறை. பேட்டரி மாற்றினாலும் இதையே செய்யுங்கள்.

"அம்மாவோட கைரேகையை மட்டும் எடுக்கவே மாட்டேங்குது."

பாத்திரம் துலக்கித் துலக்கி ரேகை தேய்ந்திருக்கும், வயதானாலும் ரேகை மங்கும். கை கழுவித் துடைத்து, கொஞ்சம் காய்ந்த பிறகு பதியச் சொல்லுங்கள். அதிகம் வேலை செய்யாத கையின் மோதிர விரல் நன்றாகப் பதியும். ஒரே விரலை இரண்டு மூன்று கோணத்தில் தனித்தனியாகப் பதித்து வைப்பதும் உதவும். அப்படியும் வரவில்லையென்றால் அம்மாவுக்கு நம்பரைக் கற்றுக்கொடுங்கள், தினமும் அவரைப் போராட வைக்காதீர்கள்.

"மல்டிமீட்டர்ல பாத்தேன், ஒவ்வொண்ணும் 1.4 காட்டுது. அப்ப பேட்டரி ஓகேதானே?"

சும்மா இருக்கிற பேட்டரியை அளந்தால் அது நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். சுமையில்லாமல் 1.4 காட்டுவது, பூட்டு இழுக்கிற நொடியில் எவ்வளவு விழுகிறது என்பதே கேள்வி. முடிந்தால் நாலு பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து, இன்னொருவரை நம்பர் போடச் சொல்லுங்கள். 5.6 காட்டினது 'டக்' நேரத்தில் 5-க்கும் கீழே சரிந்தால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். தனித்தனியாக 1.3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அளந்து பார்க்கவே வேண்டாம், கடிகாரத்துக்கு அனுப்புங்கள். கொடைக்கானல், ஊட்டி குளிரில் அல்கலைனின் பலம் இன்னும் குறையும். மார்கழி விடியலில் திறக்காத லாக்கர் மத்தியானம் திறந்தால் அது பேட்டரியின் எச்சரிக்கைதான்.

"சில பட்டன் மட்டும் அமுக்கினா பீப் வரல."

அந்த எண்கள் உங்கள் நம்பரில் இருப்பவையா? அப்படியானால் பழகிப் பழகித் தேய்ந்துவிட்டன. கீபேடை மட்டும் தனியாக மாற்றலாம், பெரிய வேலையில்லை. அவசரத்துக்கு அந்தப் பட்டனின் நடுவில் நகத்தால் இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தமாக அமுக்கிப் பாருங்கள். தேய்ந்த பட்டனில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பத்து எண்ணில் நான்கு மட்டும் பளபளவென்று எழுத்தழிந்து நின்றால், பார்க்கிறவனுக்கு வேலை பாதி முடிந்தது. வருடாவருடம் பேட்டரியோடு நம்பரையும் மாற்றுங்கள், அடுத்த தடவை வேறு எண்களாக.

"எதுக்கும் மசியல. வெல்டிங் கடைப் பையன் கிரைண்டர் வச்சு வெட்டித் தர்றேன்ங்கிறான்."

அனுமதிக்காதீர்கள். தீப்பொறியும் சூடும் உள்ளேதான் போகும். பணத்தாளும் பத்திரமும் கருக நேரம் ஆகாது. முத்தும் பவளமும் சூட்டில் நாசமாகும். சுத்தியலால் அடிப்பதும் வேண்டாம். நல்ல லாக்கர்களில் அடி விழுந்தால் தானாக இன்னொரு தாழ் விழுகிற அமைப்பு உண்டு, அது விழுந்துவிட்டால் சாவி கிடைத்தாலும் திறக்காது. கம்பெனி சர்வீஸ் ஆளையோ லாக்கர் வேலை தெரிந்தவரையோ கூப்பிடுங்கள். பூட்டுக்கு நேராக ஒரே ஒரு சிறு துளை போட்டுத் திறப்பார்கள், பிறகு துளையை அடைத்துப் புதுப் பூட்டு மாட்டலாம். வாங்கின பில்லும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கேட்காமல் திறந்து தருகிறேன் என்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

"அப்பா தவறிட்டார். லாக்கர் நம்பர் எங்க யாருக்கும் தெரியாது."

இப்படி வருகிற போன்களில் நான் அவசரப்படுத்துவதில்லை. காரியம் முடியட்டும், லாக்கர் எங்கேயும் போகாது. கைக்கு வந்த நம்பரையெல்லாம் அழுத்தாதீர்கள், மேலே சொன்னபடி பூட்டு அடைத்துக்கொள்ளும். முதலில் அப்பாவின் எல்.ஐ.சி. டைரியின் கடைசிப் பக்கங்கள், போன் புத்தகம், பீரோக் கதவின் உள்பக்கம், லாக்கரோடு வந்த புத்தகத்தின் அட்டை இவற்றைப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலர் எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால் அவர் போடக்கூடிய நம்பர்களைக் காகிதத்தில் எழுதுங்கள். வண்டி நம்பர், பழைய லேண்ட்லைனின் கடைசி நாலு எண், மூத்த பிள்ளை பிறந்த வருடம், கதவு எண். மாற்றாமலே விட்டிருந்தால் கம்பெனி நம்பர். ஒரு தடவைக்கு இரண்டு போட்டுப் பார்த்து, இருபது நிமிடம் விட்டு அடுத்த இரண்டு. அவசர சாவி அம்மாவின் கொத்திலேயே, எதற்கென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு.

எதுவும் பலிக்காவிட்டால் துளை போட்டுத்தான் திறக்க வேண்டும். அதற்கு முன் இறப்புச் சான்றிதழும், தாசில்தார் அலுவலகத்தில் வாங்குகிற வாரிசு சான்றிதழும் நான் கேட்பேன். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. நாளைக்கு வெளியூரில் இருக்கிற தங்கையோ தம்பியோ "நான் இல்லாதபோது திறந்தாங்க" என்று மனம் வருந்தக் கூடாது. வாரிசுகள் எல்லோரும் இருக்கிற நாளாகப் பாருங்கள், வர முடியாதவர் வீடியோ காலில் இருக்கட்டும். கதவு திறந்ததும் கை வைக்காமல் ஒரு போட்டோ. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். நான் அதுவரை வாசலில் நிற்பேன். கூப்பிட்டதும் உள்ளே வந்து புதுப் பூட்டு மாட்டுவேன், அம்மாவையே புது நம்பரைப் போடச் சொல்வேன், கதவு திறந்திருக்கும்போதே மூன்று முறை.